எஸ்எஸ்எச் கேட்கும் இரண்டு கேள்விகள்

தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச் (SSH) வழியே புதிய சர்வர் ஒன்றுக்குள் முதல் தடவையாக நுழையும்போது திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இந்த இயந்திரம் நீங்கள் தேடிவந்ததுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இதன் சாவியின் கைரேகை இது, தொடரலாமா என்று கேட்கும். அந்தக் கைரேகை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட சரமாக, கூடவே இருக்கும். அநேகமாக யாரும் அதைப் படிப்பதில்லை. 'யெஸ்' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்புறம் பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து இருக்க வேண்டும், எஸ்எஸ்எச் காத்திருக்கும் வாயிலான 22ஆம் போர்ட்டை மாற்றலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறோம்.

எஸ்எஸ்எச் அடிப்படையில் இரண்டு கேள்விகளுக்கு விடை காணும் ஏற்பாடு. மறுமுனையில் இருப்பது நான் நினைத்த சர்வர்தானா என்பது ஒன்று. உள்ளே வரக் கேட்பவர் அனுமதி உள்ளவர்தானா என்பது மற்றொன்று. முதலாவதை நாம் கேட்க வேண்டும், இரண்டாவதைச் சர்வர் கேட்கும். இரண்டுக்கும் சரியான விடை கிடைத்த பிறகுதான் நடுவே நடக்கும் குறியாக்கத்துக்கு, அதாவது பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவதற்கு, அர்த்தம் உண்டு. ஆள்மாறாட்டம் செய்பவரிடம் எவ்வளவு ரகசியமாகப் பேசினாலும் சொன்னது சொன்னதுதான். எஸ்எஸ்எச்சை ஒட்டி நடந்த பெரிய கோளாறுகளைத் திரும்பிப் பார்த்தால், கணிதம் தோற்றுப்போன இடங்கள் குறைவு. சாவி உருவான விதம், அதைப் போட்டுவைத்த இடம், சரிபார்க்காமல் விட்ட பழக்கம் ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

21க்கும் 23க்கும் நடுவே

தொலைவிலுள்ள கணினியை இயக்க 1969இலிருந்தே டெல்நெட் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லி யூனிக்ஸ் ஆர்லாகின், ஆர்எஸ்எச் என்ற இரண்டு கருவிகளைக் கொண்டுவந்தது. டெல்நெட்டில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்ட் உட்பட, அப்படியே கம்பியில் போகும். ஒரே கேபிளைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்ட அந்தக் கால ஈதர்நெட்டில், பக்கத்து மேசைக் கணினியில் ஒரு சிறு நிரலை ஓடவிட்டால் போதும், எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்து விழும். ஆர்எஸ்எச் வேறு மாதிரி. நம்பத்தக்க கணினிகளின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும், அந்தப் பட்டியலில் உள்ள முகவரியிலிருந்து வந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. முகவரியைப் போலியாக்க முடியும் என்பதை அந்த வடிவமைப்பு பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் டெல்நெட் பாதி கேட்டது, ஆர்எஸ்எச் கேட்டதுபோல் பாவனை செய்தது.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் பாஸ்வேர்ட்களை ஒட்டுக்கேட்டுச் சேகரிக்கும் தாக்குதல் ஒன்று நடந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் அதற்கு மாற்றாக ஒரு நிரலை எழுதி, அந்த ஆண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். டெல்நெட்டுக்கு 23ஆம் போர்ட், கோப்புகளை அனுப்பும் எஃப்டிபிக்கு 21. இரண்டையும் ஒருசேர ஓய்வுபெறச் செய்ய நினைத்தவருக்கு நடுவிலிருந்த 22 காலியாகக் கிடைத்தது. எண்களை ஒதுக்கும் ஐஏஎன்ஏ அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் சர்வர்களின் ஃபயர்வால்களில் இருக்கும் அந்த எண்ணுக்குப் பின்னால் இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

அதே ஆண்டின் இறுதியில் யூலோனென் ஒரு நிறுவனம் தொடங்கினார். பிந்தைய பதிப்புகளின் உரிமம் மெல்ல மெல்ல இறுகியது. பழைய, தாராளமான உரிமத்தோடு வந்த 1.2.12 பதிப்பை எடுத்து ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் கிரோன்வால் திருத்தினார். அதை ஓப்பன்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தின் குழு கையிலெடுத்துச் சீர்செய்து 1999 டிசம்பரில் தன் 2.6 பதிப்போடு வெளியிட்டது. அதுதான் ஓப்பன்எஸ்எஸ்எச். லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது இது. மேக்கிலும் இதுதான். 2018 முதல் விண்டோஸ் 10லும் இதன் கிளையன்ட் கூடவே வருகிறது. ஆகவே விண்டோஸிலிருந்து போக வேண்டுமென்றால் பட்டி (PuTTY) என்ற தனி நிரல் வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை, பழக்கம் காரணமாகப் பலர் அதிலேயே இருக்கிறார்கள்.

கணிதம் தோற்ற இடங்கள் குறைவு என்றேன். எஸ்எஸ்எச்சின் முதல் பதிப்பு அப்படிப்பட்ட இடம். வழியில் தரவு மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்ய அது சிஆர்சி-32 என்ற எளிய சரிபார்ப்பைப் பயன்படுத்தியது. தற்செயலான பிழைகளைப் பிடிக்கத்தான் அது உதவும், வேண்டுமென்றே செய்யும் மாற்றங்களைப் பிடிக்காது. நடுவிலிருப்பவர் தன் சொந்த வரிகளைச் செருக முடியும் என்று 1998இல் தெரிந்தது. இரண்டாம் பதிப்பு இதை அடியோடு மாற்றி வடிவமைக்கப்பட்டு, 2006இல் இணையத் தரநிலையானது. முதல் பதிப்புக்கான நிரலை ஓப்பன்எஸ்எஸ்எச் 2017இல் முழுதாக நீக்கிவிட்டது.

இணைப்பு எழும்போது என்ன நடக்கிறது

கிளையன்ட் சர்வரைத் தொட்டதும் இருவரும் தங்கள் பதிப்பு எண்ணை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு, எந்தெந்த முறைகள் எனக்குத் தெரியும் என்று ஆளுக்கொரு பட்டியல் நீட்டுகிறார்கள். அடுத்து வருவது சாவிப் பரிமாற்றம். இரு தரப்பும் பாதிப் பாதித் தகவலை வெளிப்படையாக அனுப்பி, ஒரே ரகசிய எண்ணைத் தத்தம் பக்கத்தில் கணக்கிட்டுக்கொள்கின்றன. அந்த எண் கம்பியில் ஒருபோதும் போவதில்லை. ஒட்டுக்கேட்பவரிடம் இரண்டு பாதிகளும் இருந்தாலும் அவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒட்டுக்கேட்பவரை இது தடுக்கும், நடுவில் உட்கார்ந்து இரு பக்கமும் நடிப்பவரைத் தடுக்காது. அவர் உங்களோடு ஒரு ரகசியமும் சர்வரோடு வேறொரு ரகசியமும் பேசி முடித்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் சர்வருக்கென்று நிரந்தரமான ஒரு சாவி ஜோடி உண்டு: வெளியே விடாத தனிச்சாவி ஒன்று, எவருக்கும் காட்டும் பொதுச்சாவி ஒன்று. நடந்த பரிமாற்றம் முழுவதின் சுருக்கத்தையும் எடுத்து, தன் தனிச்சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது சர்வர். அந்தக் கையொப்பத்தை அதன் பொதுச்சாவி கொண்டு உங்கள் கிளையன்ட் சரிபார்க்கிறது. அந்தப் பொதுச்சாவி உண்மையான சர்வருடையதுதான் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் நடுவிலிருப்பவர் மாட்டிக்கொள்வார். தெரியாவிட்டால்? அப்போதுதான் அந்த 'தொடரலாமா' கேள்வி வருகிறது.

இவ்வளவும் முடிந்து குறியாக்கம் தொடங்கிய பிறகே உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கப்படும். ஆகவே பாஸ்வேர்ட் கம்பியில் தெரியாது. ஆனால் சர்வருக்குத் தெரியும். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. பாஸ்வேர்ட் முறையில் நீங்கள் ரகசியத்தையே தூக்கி மறுமுனையின் கையில் கொடுக்கிறீர்கள். மறுமுனை போலி என்றால் அந்த ரகசியம் இனி அவருடையது.

சாவி முறையில் அப்படியில்லை. உங்கள் தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு நகர்வதில்லை. இந்த இணைப்புக்கே உரிய அடையாள எண்ணைச் சேர்த்து உங்கள் கிளையன்ட் கையொப்பமிடுகிறது. அந்தக் கையொப்பத்தை வேறோர் இணைப்பில் மறுபடி பயன்படுத்த முடியாது, ஏனென்றால் அங்கே அடையாள எண் வேறு. போலிச் சர்வர் ஒன்றிடம் நீங்கள் சாவியோடு போய் மாட்டினாலும், அது உங்கள் பெயரில் உண்மையான சர்வருக்குள் நுழைய முடியாது. சாவி முறை பாஸ்வேர்டைவிட மேல் என்பதற்கு, ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதை மட்டுமே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் இந்த இரண்டாவது காரணமே பெரிது. முதல் கேள்வியில் நாம் காட்டும் அலட்சியத்தின் விலையை அது கணிசமாகக் குறைக்கிறது. முழுதாக இல்லை. போலிச் சர்வர் உங்களை வரவேற்று உள்ளே விட்டதுபோல் நடித்தால், அங்கே நீங்கள் நிர்வாகி அதிகாரம் கேட்கும் சூடோ கட்டளைக்குத் தட்டும் பாஸ்வேர்டையும் ஒட்டிவைக்கும் ரகசியங்களையும் அது வாங்கிக்கொள்ளும்.

முதல் கேள்வியை உண்மையாகவே கேட்பது

'யெஸ்' என்று தட்டியதும் சர்வரின் பொதுச்சாவி உங்கள் கணினியில் 'நோன் ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் பதிவாகிவிடும். அடுத்த முறை அதே சாவி வந்தால் பேச்சின்றி உள்ளே விடும். வேறு சாவி வந்தால், பெரிய எழுத்தில் கூச்சலிட்டு இணைப்பை முறிக்கும். முதல் சந்திப்பில் நம்பி, பிறகு மாறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. முதல் சந்திப்பு சுத்தமாக இருந்தால் பிறகு வரும் ஆயிரம் இணைப்புகளும் பத்திரம் என்பதால், அந்த ஒரு தடவையாவது மெனக்கெடலாம்.

மெனக்கெடுவது கடினமும் இல்லை. கிளவுடில் புதிதாக எழுப்பும் லினக்ஸ் சர்வர்கள் பல, முதல் தடவை பூட் ஆகும்போது தம் சாவிகளின் கைரேகையைக் கன்சோல் லாகில் அச்சிடும். வழங்குநரின் இணையதளத்தில் அந்த லாகைத் திறந்து, திரையில் வந்த சரத்தோடு ஒப்பிட்டால் முடிந்தது. இன்னும் சுலபம், 'யெஸ்' என்பதற்குப் பதிலாக அந்தக் கைரேகையையே ஒட்டுவது. பொருந்தினால் மட்டுமே ஓப்பன்எஸ்எஸ்எச் தொடரும். கண்ணால் ஒப்பிட்டு முதல் நான்கு எழுத்தோடு திருப்தியடையும் சோம்பலுக்கு இது நல்ல மருந்து.

சாவி மாறிவிட்டது என்ற கூச்சல் எழும்போது பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. சர்வரை மறுபடி நிறுவியிருப்பார்கள், அல்லது அதே ஐபி முகவரி வேறொரு இயந்திரத்துக்குப் போயிருக்கும். அதனாலேயே, பழைய வரியை அழித்துவிட்டு மறுபடி 'யெஸ்' என்பது பழக்கமாகிவிடுகிறது. 2023 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ வகைச் சர்வர் சாவியின் தனிப்பகுதி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால் அதை மாற்றியது. உலகம் முழுக்க டெவலப்பர்களுக்கும் தானியங்கி பில்டுகளுக்கும் அந்தக் கூச்சல் ஒரே நாளில் கேட்டது. புதிய கைரேகையைக் கிட்ஹப் தன் தளத்தில் வெளியிட்டிருந்தது. அதைப் பார்த்து ஒப்பிட்ட பிறகு மாற்றியவர்கள் எத்தனை பேர், கூச்சலை நிறுத்தினால் போதும் என்று சோதனையையே அணைத்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

தானியங்கி ஸ்கிரிப்டுகளில் சர்வர் சாவிச் சோதனையை 'நோ' என்று அணைத்துவைப்பது எல்லா இடத்திலும் காணக்கிடைக்கும் கெட்ட பழக்கம். மனிதர் இல்லாத இடத்தில்தான் சோதனை மிகவும் தேவை, அங்கே சந்தேகப்பட வேறு யாரும் இல்லை. சாவியை முன்கூட்டியே கோப்பில் எழுதிவைப்பதே முறை. அதற்கு வழியில்லையென்றால் 'அக்செப்ட்-நியூ' என்ற நடுத்தர அமைப்பாவது உண்டு. புதிய சர்வரைக் கேட்காமல் ஏற்கும், ஆனால் சாவி மாறினால் மறுக்கும்.

இன்னொன்று. ஒரு சர்வரை அச்செடுத்ததுபோல் இமேஜ் எடுத்து, அதிலிருந்து ஐம்பது சர்வர்களை எழுப்பினால், ஐம்பதுக்கும் ஒரே சர்வர் சாவி இருக்கும். அவற்றில் ஒன்றுக்குள் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, புகுந்தவர் மற்ற நாற்பத்தொன்பதாகவும் நடிக்கலாம். இமேஜ் எடுக்கும் முன் சர்வர் சாவிகளை அழித்துவிட வேண்டும், முதல் பூட்டில் புதிதாக உருவாகிக்கொள்ளும்.

சாவியும் அது கிடக்கும் இடமும்

சாவி ஜோடியை உருவாக்குவது ஒரே கட்டளை: எஸ்எஸ்எச்-கீஜென். வகை எது என்று குழம்பத் தேவையில்லை. இடி25519 போதும். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்குள் வந்தது, 2023 முதல் அந்தக் கட்டளை எதுவும் சொல்லாவிட்டாலும் அதையே உருவாக்குகிறது. மிகப் பழைய கருவிகளோடு பேச வேண்டியிருந்தால் மட்டும் ஆர்எஸ்ஏ. டிஎஸ்ஏவை 2025இல் வந்த 10.0 பதிப்பு முழுதாகக் கைவிட்டுவிட்டது.

உருவாக்கும்போது கேட்கும் கடவுத்தொடரை வெறுமையாக விடாதீர்கள். அது சர்வருக்குப் போவதல்ல, உங்கள் வட்டில் கிடக்கும் தனிச்சாவிக் கோப்பைக் குறியாக்கம் செய்து வைக்க மட்டுமே. மடிக்கணினி தொலைந்தாலோ பேக்கப் கசிந்தாலோ சாவி உடனே பறிபோகாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் தடை. ஒவ்வொரு தடவையும் தட்டுவது தொல்லை என்றால் ஏஜென்ட் இருக்கிறது. ஒருமுறை திறந்த சாவியை அது நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். 2020இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து, ஃபிடோ வகை யூஎஸ்பி வன்சாவிகளிலும் சாவியை வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொரு நுழைவுக்கும் அதைக் கையால் தொட வேண்டும். கோப்பை நகலெடுத்துப் போனாலும் அந்த வன்பொருள் இல்லாமல் பயனில்லை.

பொதுச்சாவியைச் சர்வரில் சேர்க்க எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்ற கட்டளை உண்டு. கையால் ஒட்டுபவர்கள் ஒரே வரியாக ஒட்டினோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றே வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கோப்புறை அனுமதிகள். எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, உள்ளே அனுமதி பெற்ற பொதுச்சாவிகள் இருக்கும் சாவிப் பட்டியலுக்கு 600. உங்களைத் தவிர மற்றவர்கள் தொட முடியாது என்று அந்த எண்களுக்குப் பொருள். உங்கள் ஹோம் கோப்புறையில் மற்றவர்கள் எழுத முடிகிற நிலை இருந்தால் சர்வர் உங்கள் சாவியைப் பொருட்படுத்தவே செய்யாது. ஏன் என்று கிளையன்டிடம் சொல்லவும் சொல்லாது. காரணத்தைச் சொன்னால் வெளியே நிற்கும் தாக்குபவருக்கும் சொன்னதாகிவிடும். காரணம் சர்வரின் லாகில் இருக்கும். பல மணிநேரத் தலைவலி அந்த லாகை ஒரு நிமிடம் படித்தால் தீர்ந்துவிடும்.

ஏஜென்ட் ஃபார்வர்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சர்வருக்குள் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குள் போக வேண்டியிருக்கும்போது, உங்கள் ஏஜென்டை முதல் சர்வர் வரை நீட்டிக்கொடுக்கும் வசதி அது. தனிச்சாவி அங்கே போவதில்லை என்பது உண்மை. ஆனால் நீங்கள் இணைந்திருக்கும் வரை, அந்தச் சர்வரில் ரூட்டாக இருப்பவர் உங்கள் ஏஜென்டிடம் எதற்கு வேண்டுமானாலும் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். மேட்ரிக்ஸ் அரட்டைத் திட்டத்தின் சர்வர்களில் 2019இல் நடந்த ஊடுருவல் இந்த வழியில்தான் பரவியது. ஜென்கின்ஸ் என்ற தானியங்கி பில்டு மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றின் ஓட்டை வழியாக உள்ளே வந்தவர்கள், அங்கே நீட்டப்பட்டிருந்த ஏஜென்டைப் பிடித்துக்கொண்டு மற்ற சர்வர்களுக்குப் போனார்கள். 2016 முதல் ப்ராக்ஸிஜம்ப் என்ற மாற்று இருக்கிறது. நடுச் சர்வர் வெறும் குழாயாக மட்டும் இருக்கும். கடைசிச் சர்வரோடு சாவிப் பரிமாற்றமும் கையொப்பமும் உங்கள் கணினியிலிருந்து நேரடியாக நடக்கும். பழைய வழக்கத்தால் ஃபார்வர்டிங்கை எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவாகத் திறந்துவைத்திருப்பவர்கள், இதைப் படித்து முடிக்கும் முன்பே அந்த வரியை நீக்கிவிட்டு வரலாம்.

சர்வர் பக்கம்

சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு பாஸ்வேர்ட் நுழைவை மூடிவிட வேண்டும். இதில் இரண்டு பொறிகள் உள்ளன. பாஸ்வேர்ட்ஆத்தென்டிகேஷன் என்ற அமைப்பை மட்டும் 'நோ' ஆக்கினால் போதாது. பிஏஎம் என்ற அடையாளச் சரிபார்ப்பு அடுக்கு வழியாகக் கேள்வி-பதில் முறையில் அதே பாஸ்வேர்டைக் கேட்கும் இன்னொரு கதவு உண்டு, கேபிடிஇன்டராக்டிவ்ஆத்தென்டிகேஷன் என்பது அதன் பெயர். அதையும் மூட வேண்டும். இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் முதன்மை அமைப்புக் கோப்பு, தொடக்கத்திலேயே ஒரு துணைக் கோப்புறையில் உள்ள கோப்புகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஓர் அமைப்பு இரண்டு தடவை வந்தால், முதலில் படிக்கப்பட்டதே செல்லும். கிளவுட் சர்வர்களில் அந்தத் துணைக் கோப்புறையில் பாஸ்வேர்ட் நுழைவை 'யெஸ்' என்று சொல்லும் கோப்பு ஒன்றை, முதல் பூட்டில் சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட் வைத்திருக்கக்கூடும். நீங்கள் முதன்மைக் கோப்பில் 'நோ' என்று எழுதி நிம்மதியாக இருப்பீர்கள், கதவு திறந்தே இருக்கும். ஆகவே கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாமல், எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய 'டி' (-T) விருப்பத்தோடு ஓட்டி, நடைமுறையில் இருக்கும் அமைப்பு என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றங்களைச் செய்யும்போது இருக்கும் இணைப்பை மூடாதீர்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ப்ராசஸ் இருப்பதால் சேவையை மறுதொடக்கம் செய்தாலும் அது அறுபடாது. சிறிய 'டி' (-t) விருப்பம் கோப்பில் எழுத்துப்பிழை உண்டா என்று சொல்லும். பிறகு ரீலோட் செய்து, இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்து, அது சரியென்றால் மட்டும் பழையதை மூடலாம். சர்வருக்கு வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் விஷயம்.

ரூட்டாக நேரடி நுழைவைத் தடுப்பதற்கு முக்கியக் காரணம், யார் என்ன செய்தார் என்பது லாகில் தெரிய வேண்டும் என்பது. பலர் ஒரே ரூட்டாக வந்தால் எல்லாச் செயலும் ஒரே பெயரில் விழும். அனுமதி உள்ள குழுவை மட்டும் பெயர் சொல்லி வைப்பது இன்னொரு நல்ல வேலி. நாளை ஏதோ ஒரு மென்பொருள் தனக்கென்று ஒரு பயனர் கணக்கை உருவாக்கினாலும் அது இந்தக் கதவுக்கு வராது.

போர்ட் எண்ணை மாற்றுவதா? மாற்றினால் லாக் அமைதியாகும். பாதுகாப்பு அதிகரிக்காது. முகவரி முழுவதையும் துருவும் கருவிகளுக்குப் புதிய எண்ணைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. பாஸ்வேர்டே ஏற்காத சர்வரில் இரவெல்லாம் பாஸ்வேர்ட் தட்டிக்கொண்டிருக்கும் பாட்கள் வெறும் இரைச்சல்தான். இரைச்சல் பிடிக்காவிட்டால், அப்படிப்பட்ட முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் இருக்கிறது. 2024இல் வந்த 9.8 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச்சே தோற்றுத் தோற்று வரும் முகவரிகளைச் சிறிது காலம் ஒதுக்கிவைக்கிறது. இந்த மூன்றையும்விட, தேவையில்லாத முகவரிகளிலிருந்து 22ஐ ஃபயர்வாலிலேயே மூடுவது மேல்.

விழுந்த இடங்கள்

2006இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகப் பொதியில், ஒரு சோதனைக் கருவி எழுப்பிய எச்சரிக்கையை அடக்குவதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டன. அதோடு சேர்ந்து, சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களின் ஊற்றும் வற்றியது. மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். ஒரு குறிப்பிட்ட வகை, நீளம் கொண்ட சாவிக்கு ஒரே வகைக் கணினியில் 32,767 சாத்தியங்கள்தான் இருந்தன. ஒரு பட்டியல் தயாரித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும் வரை யாரும் கவனிக்கவில்லை. இதில் பாடமாக எனக்குப் படுவது அடுத்து நடந்தது. டெபியனைச் சரிசெய்தால் விவகாரம் முடியவில்லை. டெபியன் மடிக்கணினியில் உருவான பலவீனமான சாவி, டெபியனே ஓடாத சர்வர்களின் சாவிப் பட்டியல்களிலும் உட்கார்ந்திருந்தது. அங்கெல்லாம் தேடிப்போய் எடுக்க வேண்டியிருந்தது. எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்ற கணக்கு பலரிடம் இல்லை என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

2024 மார்ச் 29 அன்று ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த எக்ஸ்இசட் பின்கதவு வேறு வகை. எஸ்எஸ்எச் நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்தபோது, சுருக்குக் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பது தெரிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ஆனால் சேவை எழுந்துவிட்டது என்று, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தெரிவிப்பதற்காகச் சில லினக்ஸ் விநியோகங்கள் தாமாக ஒட்டிய நூலகம், எக்ஸ்இசட்டையும் கூடவே இழுத்துவந்திருந்தது. அந்தச் சிறு அறிவிப்பை நூலகம் இல்லாமலே அனுப்பும் வழியை ஓப்பன்எஸ்எஸ்எச் பிறகு தனக்குள்ளேயே எழுதிக்கொண்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் பட்டியில் ஒரு கோளாறு தெரிந்தது. 521 பிட் இசிடிஎஸ்ஏ வகைச் சாவிகளில், கையொப்பத்துக்கான தற்செயல் எண் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. சுமார் அறுபது கையொப்பங்களைச் சேகரித்தால் தனிச்சாவியையே கணக்கிட்டுவிடலாம். ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சொந்தத் தவறு. 2006இலேயே சரிசெய்யப்பட்ட பிழை ஒன்று, 2020இல் நடந்த ஒரு மாற்றத்தில் தெரியாமல் திரும்பி வந்திருந்தது. பட்டியின் கோளாறுக்குச் சாவிகளை மாற்ற வேண்டும், குவாலிஸ் சொன்னதற்கு மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். முன்னது எப்போதும் கடினம்.

குவாண்டம் கணினிகள் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் முந்திக்கொண்டது. இன்றைய போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்து பிற்காலத்தில் உடைப்பதைத் தடுக்க, 2022இலிருந்து சாவிப் பரிமாற்றத்தில் பழைய முறையோடு புதிய முறை ஒன்றையும் கலந்து இயல்பாகவே பயன்படுத்துகிறது. சர்வரும் கிளையன்டும் புதியவை என்றால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

காலாவதி ஆகாத சாவிகள்

பாஸ்வேர்டுக்கு 90 நாள் கெடு வைக்கும் அலுவலகங்களில்கூட எஸ்எஸ்எச் சாவிகளுக்குக் கெடு இருப்பதில்லை. வழக்கமான சாவி ஜோடியில் காலாவதி என்ற கருத்தே கிடையாது. வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலை அன்றைக்கே முடக்குவார்கள். அவருடைய பொதுச்சாவி மட்டும் ஏதோ ஒரு சர்வரில், டெப்ளாய் என்ற பொதுக் கணக்கின் பட்டியலில், வருடக்கணக்கில் கிடக்கும். வரியின் கடைசியில் இருக்கும் பெயரைப் பார்த்து யாருடையது என்று முடிவுசெய்யவும் முடியாது. அது வெறும் குறிப்பு, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கைரேகைதான் அடையாளம். எந்தக் கைரேகை கொண்ட சாவி எப்போது நுழைந்தது என்பது சர்வர் லாகில் பதிவாகிறது, ஆகவே பல மாதங்களாகப் பயன்படாத சாவிகளைக் கண்டுபிடித்து எடுக்க முடியும்.

இயந்திரங்களுக்கான சாவிகளில் கடவுத்தொடர் வைக்க முடியாது என்பதால் அவற்றின் அதிகாரத்தை நறுக்க வேண்டும். சாவிப் பட்டியலில் வரியின் தொடக்கத்திலேயே, இந்த முகவரியிலிருந்து மட்டும், இந்த ஒரு கட்டளைக்கு மட்டும், டனல் கிடையாது, டெர்மினல் கிடையாது என்று எழுதலாம். இரவில் பேக்கப் எடுக்கும் சாவி திருடு போனால் திருடரால் பேக்கப் மட்டும் எடுக்க முடியும். அதுவும் இழப்புதான், ஆனால் சர்வர் முழுவதும் போகவில்லை.

சர்வர்கள் பத்தைத் தாண்டி, ஆட்களும் வந்து போகத் தொடங்கினால், கோப்புகளில் சாவி ஒட்டுவது கட்டுக்குள் அடங்காது. அதற்கு 2010இலிருந்தே ஓப்பன்எஸ்எஸ்எச்சில் சான்றிதழ் முறை இருக்கிறது. நிறுவனத்துக்கென்று ஒரு தலைமைச் சாவி. காலையில் ஊழியர் தன் அடையாளத்தை நிரூபித்ததும், அவருடைய பொதுச்சாவியில் அது எட்டு மணிநேரத்துக்கு மட்டும் செல்லும் கையொப்பம் இட்டுக் கொடுக்கும். தலைமைச் சாவியை நம்பு என்ற ஒரு வரி மட்டுமே சர்வர்களில் இருக்கும். ஊழியர்களின் சாவிகள் அங்கே இருப்பதே இல்லை. மாலையில் எதையும் நீக்க வேண்டியதில்லை, தானாகச் செத்துவிடும்.

இதே முறையைச் சர்வர் சாவிகளுக்கும் பயன்படுத்தலாம். பலர் பாதி வேலை செய்து, பயனர் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சர்வர் சாவிகளுக்கும் சான்றிதழ் கொடுத்து, ஊழியர்களின் 'நோன் ஹோஸ்ட்ஸ்' கோப்பில் அதன் தலைமைச் சாவிக்கு ஒரு வரி சேர்த்தால், அந்த நிறுவனத்தின் எந்தப் புதிய சர்வரிலும் 'தொடரலாமா' கேள்வி வராது. வந்தால் அது உண்மையாகவே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். பயனருக்கும் சர்வருக்கும் தனித்தனித் தலைமைச் சாவி வைப்பது நல்லது.

நான்கைந்து சர்வர் உள்ளவருக்கு இது தேவையற்ற சுமை. சாவிப் பட்டியலை ஒரு கிட் களஞ்சியத்தில் வைத்து, அன்சிபிள் போன்ற தானியங்கிக் கருவி ஒன்றால் எல்லாவற்றிலும் ஒரேமாதிரி எழுதுவது போதும். சான்றிதழுக்குப் போகிறவர்கள் ஒன்றை முதல் நாளே செய்துவைக்க வேண்டும். சான்றிதழ் வழங்கும் சர்வரே விழுந்துவிட்டால், அதைச் சரிசெய்ய உள்ளே போகவும் சான்றிதழ் கேட்கும். அதற்கென்று ஒரு சாதாரணச் சாவியை வன்சாவியில் ஏற்றி, அந்தச் சர்வரில் மட்டும் அனுமதித்து, பெட்டகத்தில் பூட்டி, அது எப்போது பயன்பட்டாலும் எல்லோருக்கும் எச்சரிக்கை போகும்படி அமைத்துவிடுங்கள்.